கிணற்றடியைப் பார்த்த கமரா

அந்த ஹார்ட் டிஸ்க்கை மேசையில் வைத்தபோது அதன் ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ என்றேன்.

நாற்பதைத் தாண்டிய பெண். சண்டிலிப்பாயிலிருந்து வந்திருந்தார். முந்தின கிழமை அவருடைய வீட்டுக்குள் வாள்களோடு ஆட்கள் புகுந்து கணவரை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பத்திரிகையில் நாலு வரியில் வந்த செய்தி. நானும் வாசித்துவிட்டுத் தேநீர் குடித்திருக்கிறேன்.

கோப்பாயில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. பழுதான கணினிகள், போன்கள், கமராப் பெட்டிகள் எல்லாம் வரும். அழிந்துபோன படங்களை மீட்டுக் கொடுப்பேன் என்று யாரோ சொல்லி அவர் என்னைத் தேடி வந்திருந்தார்.

"தங்கச்சி, போகேக்கை கமராப் பெட்டியை அலவாங்காலை அடிச்சு நொறுக்கிப்போட்டாங்கள். உள்ளுக்கை இது மட்டும் முழுசாக் கிடந்தது. இதிலை படம் இருக்குமே?"

"இருக்கலாம் அக்கா. பாத்துத்தான் சொல்லலாம்."

அவரோடு அவருடைய தம்பியும் வந்திருந்தான். முப்பதுக்குள் இருக்கும். மோட்டார் சைக்கிளில் அவன்தான் அவரை ஏற்றி வந்திருந்தான். ஷட்டரில் சாய்ந்து நின்றபடி, "அடிச்ச அடியிலை உள்ளுக்கை எல்லாம் போயிருக்கும். சும்மா அலையுறம்" என்றான். அக்காக்காரி திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்ததை அவர் சொன்னார். மத்தியானம். பிள்ளை பள்ளிக்கூடத்தில். அவர் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் துணியால் கட்டிய நாலைந்து பேர் உள்ளே வந்து, அவரை அடுப்படிக்குள் தள்ளி வெளியே கொண்டி போட்டுவிட்டார்கள். முன்னறையில் டிவி உடைந்தது. அலுமாரிக் கண்ணாடி உடைந்தது. பிறகு சத்தம் பின்வளவுக்குப் போனது. கணவர் புகையிலைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார்.

"வெட்டுற சத்தம் கேக்காது தங்கச்சி. அவரின்ரை சத்தம்தான் கேட்டது. பேந்து அதுவும் கேக்கேல்லை."

ஆள் பிழைத்துவிட்டார். இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மற்றவற்றின் நரம்பு அறுந்திருந்தது. தலையில் தையல். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: குடிலடிக் கமரா. போன போகத்தில் பச்சைப் புகையிலைக் கன்றுகளை யாரோ வெட்டிச் சாய்த்த பிறகு, புகையிலை உலர்த்தும் குடிலின் முகட்டில் அவர் ஒரு கமரா பூட்டியிருந்தார். அது பின்வளவு முழுவதையும் கிணற்றடியையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலையைத் தொடங்கினேன். சிக்கல் முதல் நிமிடத்திலேயே வந்தது. கமராப் பெட்டிகள் படத்தைத் தங்கள் சொந்த முறையில் எழுதுகின்றன. அதைத் திறக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும். என் கடையில் இருப்பது லினக்ஸ். இப்படியான வேலைகளுக்கென்று நான் ஒரு வேர்ச்சுவல் மெஷின் வைத்திருந்தேன். கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி அது. திரையில் ஒரு சதுரத்துக்குள் பழைய விண்டோஸ் எழுந்து வரும். தான் தனிக் கணினி என்றுதான் அதற்கு நினைப்பு. ஆனால் அதற்கென்று உடம்பு கிடையாது. யுஎஸ்பியில் எதைச் செருகினாலும் வெளிக் கணினி விட்டுக்கொடுத்தால்தான் அதன் கைக்குப் போகும். இன்டர்நெற்றும் அப்படித்தான்.

டிஸ்க்கை ஒரு உறையில் பூட்டி யுஎஸ்பியில் செருகினேன். வெளிக் கணினி கண்டுகொண்டது. "இதில் ஒன்றும் இல்லை, அழித்துப் புதிதாக்கவா?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்குத் தவறிப்போய் ஓம் என்று அமத்தியவர்களை எனக்குத் தெரியும். மெதுவாக மூடிவிட்டு, டிஸ்க்கை உள்ளே இருக்கும் மெஷினுக்குக் கொடுத்தேன். இணைந்த ஓசை கேட்டது. மூச்சு விடுவதற்குள் பிரிந்த ஓசையும் கேட்டது. மறுபடி கொடுத்தேன். மறுபடி பிரிந்தது.

காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றினேன். யுஎஸ்பி வேகத்தை மாற்றினேன். அதற்கான துணைப் பொதியைப் புதிதாகப் போட்டேன். வெளிக் கணினி டிஸ்க்கைத் தொடாதபடி கட்டுப்படுத்தினேன். கேபிளை மாற்றினேன். தனி மின்சாரம் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு ஓசைகள். மூன்றாவது கேபிளின்போது என்னை அறியாமல் மேசையில் ஓங்கிக் குத்தினேன். அந்தப் பெண் திடுக்கிட்டுக் கதிரையோடு பின்னுக்குப் போனார். கேபிளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். ஒரு சத்தத்துக்கு உடம்பு அப்படிச் சுருங்குவதை நான் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஷெல் அடித்த காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். சுழலும் இரைச்சலுக்கிடையில் ஒரு தட்டல். கனத்த இரும்பு அலவாங்கின் அடி உள்ளேயும் பட்டிருந்தது. காயப்பட்ட இடத்தை வாசிக்கப் போகும்போதெல்லாம் டிஸ்க் விறைத்துப்போகிறது, உள் மெஷின் பொறுமையில்லாமல் கைவிட்டுவிடுகிறது. அப்படியானால் உள் மெஷினிடம் கொடுக்கவே கூடாது. வெளிக் கணினியில் இருந்துகொண்டு, காயத்தைத் தாண்டித் தாண்டி நல்ல இடங்களை முழுக்கப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை உள் மெஷினுக்குச் சொந்த டிஸ்க் போலப் பூட்டிவிட வேண்டும்.

"நேரம் எடுக்கும் அக்கா. விட்டிட்டுப் போங்கோ. முடிஞ்சதும் கூப்பிடுறன்."

தம்பிக்காரன் உடனே முன்னால் வந்தான். "வேண்டாம். நாங்கள் கொண்டுபோய் வைச்சு, பேந்து கொண்டு வாறம்."

"இருக்கட்டும்" என்றார் அவர்.

"இங்கை களவு போனால்?"

"இருக்கட்டும் எண்டு சொன்னனான்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கோபம்தான் தெரிந்தது. கடைக்காரியை நம்பாத கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிரதி எடுத்து முடிய அடுத்த நாள் மத்தியானம் தாண்டிவிட்டது. சில இடங்கள் வாசிக்கவே முடியாமல் போயின. மிச்சம் முழுவதும் வந்தது. அதை வேறொரு டிஸ்க்கிலும் போட்டு வீட்டுக்குள் வைத்தேன். எந்த வேலைக்கும் அப்படித்தான் செய்வேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்தார்கள்.

உள் மெஷினை எழுப்பினேன். பிரதியைத் தன்னுடைய டிஸ்க்காகவே அது ஏற்றுக்கொண்டது. கமரா மென்பொருள் திறந்தது. நாள்கள் வரிசையாக வந்தன. வெட்டு விழுந்த நாளை அமத்தினேன். நேரம் ஓடியது, படம் கறுப்பு. படத்தை விரிப்பதற்கு ஒரு துணைக்கோப்பு தேவை, இன்டர்நெற்றில் எடுத்துக்கொள் என்றது மென்பொருள்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் வீட்டு இணைப்பு அறுந்திருந்தது. மதில் ஓரத்துப் பூவரசு முறிந்து வயரில் விழுந்திருந்தது. என் போனில் டேட்டா முடிந்திருந்தது.

"தம்பி, உன்ரை போனைக் குடு" என்றார் அவர்.

அவன் தயங்கினான். "சார்ஜ் இல்லை."

"கேபிளிலை போட்டால் சார்ஜும் ஏறும்" என்றேன் நான், நல்லது சொல்வதாக நினைத்து.

போனை யுஎஸ்பியில் செருகி அதன் இணைப்பை எடுத்தேன். வெளிக் கணினிக்கு இன்டர்நெற் வந்தது. உள் மெஷினுக்கு வரவில்லை. பார்த்தால், அறுந்துபோன வீட்டு வயரையே அது இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. வெளிக் கணினி எந்த வழியாகப் போகிறதோ அதன் பின்னாலேயே போகும்படி மாற்றினேன். இணைந்துவிட்டதாகச் சொன்னது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றிக் கொடுக்கும் சேர்வரின் முகவரி பிழையாக இருந்தது. அதைக் கையால் எழுதிக் கொடுத்தேன். கோப்பு இறங்கத் தொடங்கியது.

பாதியில் அவன் போனைப் பிடுங்கினான். "கோல் வருகுது." வெளியே போய்விட்டு வந்து திருப்பிக் கொடுத்தான். மறுபடி தொடங்கினேன். மறுபடி பாதியில் பிடுங்கினான். மணி அடித்ததை நான் கேட்கவில்லை. இம்முறை அவர் எழுந்துபோய் அவன் கையிலிருந்து போனை வாங்கி, தானே செருகி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்தார்.

"ஆர் எடுத்தாலும் எடுக்கட்டும்" என்றார்.

கோப்பு இறங்கி முடிந்தது. கறுப்புக்குள் இருந்து பின்வளவு வந்தது.

சத்தம் இல்லாத படம். கிணறு, துலா இல்லாத பழைய கட்டு, வாளி, காயப்போட்ட உடுப்புகள். கணவர் மண்வெட்டியோடு வருகிறார். வீட்டுக்குள் ஏதோ கேட்டதுபோல் நிற்கிறார். ஆட்கள் ஓடி வருகிறார்கள். முதல் வெட்டுக்கு அவர் இடது கையைத் தூக்கினார். அந்தக் கை எப்படித் திறந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் விழுந்த பிறகும் வெட்டினார்கள். ஒருவன் காலால் புரட்டினான். கொடியிலிருந்த வெள்ளைத் துணி ஒன்று சிவப்பாகப் புள்ளி பட்டு அசைந்துகொண்டிருந்தது. நான் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காக்காரியோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடுகளை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் போனார்கள். ஒருவன் மட்டும் மிஞ்சினான், வெட்டாமல் தள்ளி நின்றவன். அவன் கிணற்றடிக்கு வந்து வாளியை எடுத்தான். முகத்தில் கட்டிய துணியில் இரத்தம் தெறித்திருந்தது. குந்தியிருந்து தண்ணீரைத் தலையில் ஊற்றினான். அவன் துணியை அவிழ்ப்பதற்கு முன்னமே அக்காக்காரி, "நிப்பாட்டுங்கோ" என்றார். குந்திய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் நிறுத்துவதற்குள் துணி அவிழ்ந்தது. முகம் கமராவுக்கு நேரே.

அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"நீ ஏன் வந்தனி?"

"நான் வெட்டேல்லை அக்கா."

"நீ ஏன் வந்தனி எண்டு கேக்கிறன்."

"காணியிலை ஒரு துண்டைக் கேட்டதுக்குக் கோயில் வீதியிலை எல்லாருக்கும் முன்னாலை அத்தான் என்னைச் செருப்பாலை அடிச்சவர். நீ பக்கத்திலைதான் நிண்டனி. ஒரு சொல்லுக் கேட்டனியே?"

"அதுக்கு?"

"பயமுறுத்தத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். உவங்கள் இப்பிடிச் செய்வாங்களெண்டு எனக்குத் தெரியாது."

"அண்டைக்கு ஓட்டோ பிடிச்சு அவரை மடியிலை வைச்சுக் கொண்டுபோனவன் நீதானேடா" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அழுதனியே. அது என்ன அழுகை?"

அவன் என் பக்கம் திரும்பினான். "அழியுங்கோ உதை."

நான் கீபோர்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். துணிச்சல் அல்ல. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவன் மேசையைத் தாண்டி வந்து திரையைத் தூக்கி என் மேல் எறிந்தான். முகத்தை மறைக்கக் கையைக் கொடுத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்ததை வலிக்கு முன்னால் சத்தமாகத்தான் உணர்ந்தேன். கண்ணாடித் துண்டுகளோடு நிலத்தில் விழுந்தேன். அவன் மேசையில் கிடந்த காயப்பட்ட டிஸ்க்கை உறையோடு பிடுங்கினான். வாசலை அக்காக்காரி மறித்து நின்றார். அவன் அவருடைய கொண்டையைப் பிடித்துத் தலையை ஷட்டரில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. தகரம் வீதி முழுக்கக் கேட்கும்படி அதிர்ந்தது.

வாசலோரத்து மேசையில் காலையிலிருந்து நான் ஒரு போனுக்கு ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தேன். பற்றவைக்கும் கோல் சூடாகவே இருந்தது. அக்காக்காரியின் கைக்கு அது தட்டுப்பட்டது. அவர் அதை எடுத்துத் தம்பியின் கழுத்தில் வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. அவன் கத்தியபோதும் எடுக்கவில்லை. தோல் கருகிய மணம் எனக்கு எட்டியது. தன் கையாலேயே அதைத் தட்டிவிட்டு அவன் வெளியே ஓடினான்.

வீதியில் நின்று மதகுக் கல்லில் டிஸ்க்கை ஓங்கி ஓங்கி அடித்தான். உறை சிதறியது, தட்டுகள் வெளியே வந்தன. அப்போதும் அடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணை ஓடிவந்துவிட்டார். அக்காக்காரியின் நெற்றியில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தார், என் தொங்கிய கையைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை செய்தது?"

நான் கையைக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அண்ணை அவனுடைய மோட்டார் சைக்கிளை உதைத்து விழுத்திவிட்டு அவன் சட்டையைப் பிடித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். யாரோ "வாள்வெட்டுக்காரன்" என்றார்கள். அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. ஊர்ப் பெடியன்கள் முதலில் கையால் அடித்தார்கள். பிறகு கிடைத்தவற்றால் அடித்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், எப்போதும் என்னிடம் பேரனின் படங்களைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வருகிறவர், தன் செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்ததை நான் வாசலில் இருந்து பார்த்தேன். சைக்கிள் கடை அண்ணையின் கையில் செயின் இருந்தது. எனக்குள்ளும் ஒன்று அடி, அடி என்றது.

அக்காக்காரி என்னைத் தாண்டி ஓடினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன்மேல் விழுந்தார்.

"என்ரை தம்பி. அடிக்காதேங்கோ. பொலிஸைக் கூப்பிடுங்கோ. அடிக்காதேங்கோ."

நிறுத்த நேரம் எடுத்தது. நிறுத்துவதற்கு முன் யாரோ உதைத்த உதை அவர் முதுகில் விழுந்தது. செயின் ஒருதரம் அவர் தோளிலும் பட்டது. சைக்கிள் கடை அண்ணை அதைப் பார்த்துவிட்டுச் செயினைக் கீழே போட்டார். அவர் அதற்குப் பிறகு பல நாள் என்னோடு கதைக்கவில்லை. தம்பி வாயிலிருந்து இரத்தம் வழிய அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அவர் அந்தப் பிடியை விரல் விரலாகக் கழற்றினார். ஆனால் பொலிஸ் வரும்வரை அவனை விட்டு எழும்பவில்லை.

"டிஸ்க் நொறுங்கிப்போச்சு" என்றார் அக்காக்காரி, ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் இருந்தபடி. அவருக்கு நெற்றியில் தையல், எனக்குக் கையில் மாவுக்கட்டு.

"பிரதி இருக்கு அக்கா. ரெண்டு."

அவர் தலையை ஆட்டினார். சந்தோசப்பட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிரதியைப் பொலிஸிடம் கொடுத்தேன். தம்பிக்காரன் மற்றவர்களின் பெயர்களைச் சொன்னான். பிடிபட்டார்கள். அக்கா ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்துக்குப் போனார். கண்டதைச் சொன்னார், தம்பியின் முகத்தை அடையாளம் காட்டினார். கணவரின் கை மூடாது. மிஞ்சிய விரல்களால் புகையிலை கட்டப் பழகுகிறார் என்று கேள்விப்பட்டேன். தாய் வீட்டில் அக்காவை யாரும் சேர்ப்பதில்லை. என் எலும்பு பொருந்திவிட்டது. மழை இருட்டுக்கு உளைகிறது. கொஞ்சக் காலம் கடைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலே மேசைக்குக் கீழே பார்ப்பேன். அங்கே ஒரு இரும்புக் குழாய் வைத்திருந்தேன். இப்போதும் இருக்கிறது.

மாரி தொடங்கிய பிறகு ஒரு முற்பகல், குடையை வாசலில் சாத்திவிட்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். தன்னை யார் என்று அவரே சொன்னார். அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் தாய். அழித்துவிடு என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, அது பொலிஸிட்டைப் போயிட்டுது. என்னாலை ஒண்டும் ஏலாது."

"அதுக்கு வரேல்லை பிள்ளை. எனக்கு ஒருக்கால் காட்டு."

"வேண்டாமம்மா. பாக்கக்கூடாத படம்."

"மகள் சொல்லுறாள் அவன் தெரிஞ்சுதான் வந்து நிண்டவனெண்டு. அவன் சொல்லுறான் தான் பயந்துபோய் நிண்டனெண்டு. ஆரை நம்புறதெண்டு தெரியாமல் நித்திரை இல்லை. காட்டு."

வீட்டுக்குள் வைத்திருந்த பிரதியை எடுத்து, வெட்டுகிற இடத்தைத் தாண்டி, கிணற்றடியில் மட்டும் போட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். மகன் குந்தினான், தண்ணீர் ஊற்றினான், துணியை அவிழ்த்தான். கமராவுக்கு வெளியே நின்ற யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவன் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். பொலிஸுக்காக நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்த இடம் அது. முகத்தை அடையாளம் காண்பதற்காகப் பார்த்தேனே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்கால்" என்றார்.

போட்டேன்.

"உவன் ஏன் சிரிக்கிறான்?"

நான் திரையைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பல்லுத் தெரிய, தண்ணீர் சொட்டச் சொட்ட, கூட்டாளி பகிடி சொன்னால் சிரிப்பதைப் போல.

அம்மா என் வாயைப் பார்த்தார். நான் படத்தை மூடினேன். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். மழை விட்டிருக்கவில்லை. குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடியே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போனார்.